இரவு தங்கிப் பார்க்க வேண்டிய திருநெல்வேலி

திருநெல்வேலி என்றவுடன் தமிழகத்து நேயர்களின் நெஞ்சில் தாமிரபரணியும் நெல்லையப்பர் கோயிலும் தோன்றுவது இயல்பு. ஆனால் இங்கு நான் சொல்லப் புகுவது அவ்வூரைப் பற்றியன்று. ஈழத்தின் வடமுனையிலே, யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியாக வடக்கு நோக்கி ஏறக்குறைய இரண்டு மைல் சென்றால் எதிர்ப்படும் மற்றொரு திருநெல்வேலியைப் பற்றியது. எழுத்திலே திருநெல்வேலியானாலும் ஊரவர் வாயிலே அது 'தின்னவேலி'தான். பஸ் நடத்துநரும் சந்தைக்குப் போகும் ஆச்சியும் அப்படித்தான் சொல்வர். பாண்டி நாட்டுத் திருநெல்வேலிக்கு வற்றாத ஆறு உண்டு. இதற்கு ஆறே கிடையாது. பெயரிலே நெல் இருக்கிறது. கண்ணிற் படுவனவோ பெரும்பாலும் வாழையும் வெங்காயமும் பனையும் மதிலும் வீடுகளுமே.

இப்படிப்பட்ட ஊரை ஒரு பிரயாணி எதற்காகப் பார்க்க வேண்டும்? இக்கேள்வியை யாழ்ப்பாணத்தவரே கேட்பர். தம் ஊரைத் தாமே குறைத்துப் பேசுவதில் எம்மவர் வல்லவர்கள். பலாலியில் விமானத்தால் இறங்குவோரும் புகையிரதத்தில் வந்திறங்குவோரும் கோட்டையைப் பார்க்கின்றனர், நல்லூரைத் தரிசிக்கின்றனர், நூலகத்தின் வெள்ளை மாடத்தின் முன் நின்று படம் பிடிக்கின்றனர், கீரிமலையில் நீராடி, நயினாதீவுக்குத் தோணியேறித் திரும்பி, பொழுதுபடுமுன் மூட்டை கட்டுகின்றனர். "இரவில் அங்கே என்ன இருக்கிறது?" என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தக் காரணத்தோடு எனக்கு வழக்குண்டு. யாழ்ப்பாணத்தைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் அதன் பாதியைத்தான் பார்த்தவர். திருநெல்வேலியைப் பகலில் மட்டும் பார்த்தவரோ அதைப் பார்க்கவே இல்லை என்பேன்.

இக்காலத்து உல்லாசப் பயணிகள் மூன்று பொருள்களைத் தேடி நாடு விட்டு நாடு செல்கின்றனர்: இயற்கைக் காட்சி, பண்பாடு, இரவுப் பொழுதுபோக்கு. இம்மூன்றும் ஓரிடத்திற் கிடைக்கும் என்று ஐரோப்பிய இளைஞர் அண்மைக் காலத்தில் பால்கன் நாடுகளுக்கு, குறிப்பாக அல்பேனியாவுக்குத் திரண்டு போகின்றனர். அந்த நாட்டிற்கும் நம் ஊருக்கும் என்ன உறவு என்று நேயர்கள் நகைக்க வேண்டா. உறவு இரண்டு உண்டு. ஒன்று மண்ணுக்கு அடியிலே இருக்கிறது. மற்றது இரவிலே இருக்கிறது. முதலில் மண்ணைப் பார்ப்போம்.

பலாலி வீதியில் திருநெல்வேலியைக் கடந்து கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் சிறிது தூரம் போய், ஏதேனும் ஓர் ஒழுங்கையில் இறங்கி நடந்தால், கண்ணைப் பறிக்கும் செம்மண் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அதன் நிறம் குங்குமத்தை ஒத்திருக்கும். அம்மண்ணை இரண்டு மூன்று முழம் வெட்டினால் வெள்ளைக் கல் தலைகாட்டும். அதுதான் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் கடலுக்கடியில் படிந்து இறுகிய இந்தக் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மழைநீர் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து வெடிப்பும் பொந்தும் குகையுமாக்கும். ஆறாக ஓடவேண்டிய நீர் கல்லுக்குள் இறங்கி மறைந்துவிடும். ஆறில்லாமைக்குக் காரணம் இதுவே. இவ்வகை நிலத்துக்கு உலகமெங்கும் புவியியலார் 'கார்ஸ்ட்' என்று பெயரிட்டிருக்கின்றனர். அப்பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பால்கன் பிரதேசத்தின் தலைவாயிலில், சிலோவேனியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே, கிராஸ் என்னும் ஒரு சுண்ணாம்புக்கல் மேடு இருக்கிறது. அம்மேட்டின் பெயரின் ஜெர்மன் வடிவமே கார்ஸ்ட். அங்கும் வெள்ளைக் கல்லின் இடுக்குகளிலே செம்மண். அங்கும் நிலத்துக்குள் மறையும் நீர். அவர்களுடைய கல் மலையாகவும் குகையாகவும் உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கிறது. நம்முடையது தோசைக்கல் போலத் தட்டையாகக் கிடக்கிறது. வேறுபாடு அவ்வளவே. மலை இல்லாத குறையால் நம் கல்லின் பெருமையை யாரும் பாடவில்லை.

அந்தப் பெருமையைக் காண ஆசைப்படுவோர் கிணற்றடிக்குப் போக வேண்டும். ஆண்டில் ஏறக்குறைய ஐம்பது அங்குல மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு வருவது. எஞ்சிய மாதங்களுக்கெல்லாம் இம்மக்களைக் காப்பாற்றுவது கல்லுக்குள் இறங்கி நின்ற அந்த நீர்தான். நன்னீர் உவர்நீரைவிடப் பாரம் குறைந்தது. ஆகையால் கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. அளவாக இறைத்தால் இனிக்கும். பேராசையோடு இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறும். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் இதைக் கண்கூடாகக் காணலாம். நூறடிக்கு மேலான ஆழமுடைய அதில் மேல்மட்டம் நன்னீர்; ஆழத்திலே உப்பு. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கினார் என்று பெரியவர்கள் கூறுவர். அம்பு பாய்ந்ததோ இல்லையோ, நீரின் தத்துவத்தை அந்தக் கிணறு பாடப் புத்தகத்தைவிட நன்றாக விளக்குகிறது. மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

முன்னாளிலே தோட்டக் கிணறுகளில் துலா ஏறி இறைப்பர். ஒருவர் இருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடப்பர். கீழே ஒருவர் பட்டை பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். பனையோலை விசிறியதைப் போலத் துலாக்கள் வானில் எழுந்து தாழும். நீர் இறைக்கும் யந்திரம் வந்தபின் அக்காட்சி மறைந்தது. அதனோடு அளவும் மறைந்தது. பசளை மிகுதியாலும் மலகூடக் குழிகளின் நெருக்கத்தாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்னும் உப்பு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சியிருப்பதாக ஆராய்ச்சியாளர் பலமுறை எச்சரித்துள்ளனர். திருநெல்வேலியிலேயே விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பல்கலைக்கழகமும் இருக்கிறது. அறிவுரைக்குக் குறைவில்லை. செம்மண் தோட்டங்கள்தாம் ஆண்டுக்காண்டு வீட்டுக் காணிகளாகிக் குறைந்து வருகின்றன. ஆகவே இயற்கையைக் காண வருவோர் சற்று விரைந்து வருவது நல்லது.

இனி, பண்பாடு. நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வூருக்கு அடித்த அதிர்ஷ்டம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851-1930) அவர்களின் கண்ணில் இது பட்டதுதான். பெண்களுக்கென மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டு இராமநாதன் கல்லூரியைத் தோற்றுவித்த அவர், ஆண்களுக்கென 1921ஆம் ஆண்டு திருநெல்வேலியிலே பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். கல்லூரி வளவிலேயே ஒரு சிவாலயமும் எழுந்தது. அந்தக் கல்லூரி வளவில்தான் 1974ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எனத் தனித்து நின்றபோது பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். பேராதனையிலே இருந்தபோது கிராமத்து நாட்டுக்கூத்தை விடிய விடிய ஆடும் களரியிலிருந்து எடுத்து, சுருக்கி, நகரத்தார் மேடையில் ஏற்றிக் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றால் கூத்துக்கு மறுவாழ்வு தந்தவர் அவர். அப்படிப்பட்டவர் துணைவேந்தராக அமர்ந்த இடத்திலே நாடகம் தழைத்ததில் வியப்பில்லை.

பரமேஸ்வராச் சந்தியில் திரும்பி இராமநாதன் வீதியில் நடந்தால் பல்கலைக்கழக வாயில் வரும். பழைய கல்லூரிக் கட்டடம், கோயில், மரநிழல், சைக்கிள் வரிசை எல்லாவற்றையும் பகலிலே பார்க்கலாம். கைலாசபதி கலையரங்கைப் பகலில் பார்த்தால் அது வெறுங் கட்டடம்தான். விளக்கு அணைந்து திரை விலகும்போதுதான் அது அரங்கம். ஊருக்குள்ளே தலங்காவற் பிள்ளையார், காயாரோகணர் சிவன் கோயில், முத்துமாரியம்மன் என்று கோயில்கள் பல. இவைகளும் அப்படியே. யாழ்ப்பாணத்துக் கோயிலின் உண்மையான அழகு இரவுத் திருவிழாவிலே இருக்கிறது.

நான் இரவு இரவு என்று சொல்வதன் பொருள் இதுதான். பிறநாட்டாரின் இரவு வாழ்க்கை என்றால் மதுச்சாலையும் நடனக் கூடமும் நினைவுக்கு வரும். அவற்றை நாடுவோருக்குத் திருநெல்வேலி ஏமாற்றமே தரும். ஆயினும் இராப்பொழுதைக் கூடிக் கழிக்கும் கலை நமக்கு இரவல் வந்ததன்று. திருவிழாக் காலத்தில் மேளக்கச்சேரி என்றால் ஊர் கூடும். இணுவில் மண் தந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933-1975) தனி ஆவர்த்தனம் தொடங்கினால், கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும் எழுந்து போகமாட்டார்கள் என்று கேட்டவர்கள் இன்றைக்கும் கண்கலங்கிச் சொல்வர். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924-1989) அரிச்சந்திரனாக 'மயான காண்ட'த்தில் தோன்றும் இரவுகளில், ஓலைப்பாயும் போர்வையும் சுருட்டிக்கொண்டு அயலூர்களிலிருந்து மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்தவர்கள் எத்தனை பேர்! அவர் பாடும் பாட்டு எட்டுக்கட்டையில் ஏறி, இரண்டு ஊர் தாண்டிக் கேட்கும் என்பர். கச்சான் கடலைக்காரிகள் வரிசையாகக் குப்பிவிளக்கு ஏற்றி இருப்பர். நாடகம் முடியக் கிழக்கு வெளுத்திருக்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போகிறவர்களும் உண்டு.

அந்த இரவுகளை நாம் இழந்தோம். இழந்த விதத்தில் திருநெல்வேலியின் பெயர் மறக்க முடியாதபடி கலந்திருக்கிறது.

1983ஆம் ஆண்டு யூலை 23ஆந் திகதி, சனிக்கிழமை. நள்ளிரவை அண்மிய வேளையில், பலாலி வீதியில், திருநெல்வேலித் தபால்பெட்டிச் சந்தியருகே, சுற்றுக்காவலில் வந்த இராணுவ வாகனங்களை விடுதலைப் புலிகள் தாக்கினர். பதின்மூன்று இராணுவத்தினர் மாண்டனர். மறுநாள் இராணுவத்தினரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இப்பகுதியில் பொதுமக்கள் பலர் பலியாயினர். மாண்டவர்களின் சடலங்கள் கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்டபோது அங்கே மூண்ட தீ, தென்னிலங்கை முழுவதும் தமிழரின் வீடுகளையும் உயிர்களையும் சூறையாடியது. 'கறுப்பு யூலை' என்று உலகம் சொல்கிற அந்நாட்களின் தொடக்கம் இவ்வூரின் ஓரிரவு. இன்று அச்சந்தியில் பஸ் நிற்கிறது. பிள்ளைகள் புத்தகப் பையோடு இறங்குகின்றனர். இன்ன இடத்தில் நிற்கிறோம் என்று அறியாமல் கடந்து போகும் பிரயாணியைக் குறை சொல்ல முடியாது. அறிந்து நின்றால், அந்த இடத்திலே சற்று மௌனம் தானாக வரும்.

நான்கு ஆண்டுகளின்பின் இன்னுமோர் இரவு. 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி நள்ளிரவில், அமைதி காக்க வந்த இந்தியப் படையின் ஹெலிகொப்டர்கள் பல்கலைக்கழக மைதானத்தில் வீரர்களை இறக்கின. சீக்கியப் படைப்பிரிவைச் சேர்ந்த முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் விடிந்தபின் உயிரோடில்லை, ஒருவர் சிறைப்பட்டார். அதே வேளையில் அயலிலுள்ள கொக்குவில் பிரம்படியில் வீடுகளுக்குள் ஒடுங்கியிருந்த பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். பஞ்சாபின் ஏதோ ஒரு கிராமத்துத் தாயும் பிரம்படி ஒழுங்கையின் தாயும் ஒரே இரவில் பிள்ளையைப் பறிகொடுத்தனர்.

பின்னர் 1990ஆம் ஆண்டு முதல் மின்சாரமே இல்லாமற் போயிற்று. 1956ஆம் ஆண்டு தொடங்கிய யாழ்தேவியும் அவ்வாண்டு நின்றது. மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வர 2014ஆம் ஆண்டு ஆயிற்று. அந்த ஆண்டுகளின் இராப்பொழுதை இன்றைய மாணவர்களுக்குச் சொன்னால் கதையென்று எண்ணுவர். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெயும் விட்டு, ஒரு மெல்லிய திரியை ஏற்றுவார்கள். ஒரு விளக்கைச் சுற்றி நாலு பிள்ளைகள் படிப்பர். செய்தி கேட்க வேண்டுமானால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைச் சுற்றுவார். டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசும். கை சோர்ந்தால் செய்தியும் சோர்ந்துவிடும். அந்த விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் புகுந்தவர்களிற் பலர் பின்னர் வைத்தியர்களாகவும் பேராசிரியர்களாகவும் விளங்கினர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி மாலை தொடங்கி, கொட்டும் மழையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த இரவில் திருநெல்வேலியும் வெறுமையானது. நாய்களும் கட்டவிழ்த்துவிட்ட மாடுகளுமே ஊரைக் காத்தன. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்களுக்கு ஊரடங்கு காத்திருந்தது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது மீண்டும் அதே கதை. சூரியன் சாய்ந்தால் கதவு சாத்து. நாய் குரைத்தால் விளக்கை அணை. அப்படியே ஒரு தலைமுறை வளர்ந்தது.

ஆனால் அந்நாட்களிலும் நாடகம் முழுவதும் நின்றுவிடவில்லை என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இவ்வூரைச் சேர்ந்த குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தாரால் மேடையேறி, குடாநாட்டின் பல ஊர்களுக்கும் போயிற்று. திறந்த வெளியில், கிடைத்த வெளிச்சத்தில், எப்பொழுது வேட்டுச் சத்தம் கேட்குமோ என்று ஒரு காதைத் தீட்டிக்கொண்டு மக்கள் பார்த்த நாடகம் அது. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போனபின் வெறும் வீட்டில் எஞ்சிய பெற்றோரைப் பற்றி அவர் எழுதிய 'எந்தையும் தாயும்' நாடகத்தைப் பார்த்து அழாதவர் யாழ்ப்பாணத்தில் அரிது. சண்முகலிங்கம் அவர்கள் 2025ஆம் ஆண்டு தை மாதம் மறைந்தார்கள். அவர் எழுதிய வீடுகள் இன்னும் இவ்வூரில் இருக்கின்றன. மாலையில் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். இரண்டு மாடி, பளிங்குத் தளம், பெரிய கேற்று. உள்ளே ஒரே ஓர் அறையில் மட்டும் விளக்கெரியும். அந்த விளக்கின் கீழ் ஒரு முதியவர், ரொறன்ரோவில் பொழுது விடிந்து தொலைபேசி அடிப்பதற்காக விழித்திருப்பார்.

அல்பேனியாவோடு இரண்டாவது உறவு என்றேனல்லவா? அந்நாட்டின் தலைநகர் திரானாவில் 'புளொக்கு' என்றொரு பகுதி உண்டு. பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் கட்சித் தலைவர்கள் வாழ்ந்த இடம் அது. என்வர் ஹோஜாவின் மாளிகையும் அங்கேதான். பொதுமக்கள் அங்கே காலடி வைக்க முடியாது, காவலர் நின்றனர். 1991ஆம் ஆண்டு அந்தத் தடை நீங்கியது. இப்போது நாட்டிலேயே இராப்பொழுதில் ஆரவாரம் மிகுந்த இடம் அதுவே. காப்பிக் கடையும் பாட்டுமாக நள்ளிரவுவரை நிரம்பி வழிகிறது. வயதானவர்களும் மாலையானால் குடும்பத்தோடு தெருவில் இங்குமங்கும் உலாவுகின்றனர். அந்த உலாவலுக்கு 'ஜிரோ' என்று ஒரு தனிப்பெயரே உண்டு. வெளிநாட்டு இளைஞர் அதைக் கேளிக்கை என்று கருதிப் போகின்றனர். நடக்கக் கூடாதென்று மறிக்கப்பட்ட தெருவிலே நடப்பவனுக்கு அது கேளிக்கை மட்டுமா?

திருநெல்வேலிச் சந்தியிலே இரவு எட்டு மணிக்கு நிற்பவருக்கும் அப்படித்தான் தோன்றும். பலாலி வீதியும் ஆடியபாதம் வீதியும் வெட்டிக்கொள்ளும் அந்நாற்சந்தியின் அருகில் குடாநாட்டின் பெயர்பெற்ற மரக்கறிச் சந்தை இருக்கிறது. அதன் ஆரவாரம் காலையோடு அடங்கும். பொழுதுபட்டபின் தொடங்குவது வேறோர் ஆரவாரம். கொத்துரொட்டி போடும் இரும்புத் தகடுகள் தாளம் கொட்டும். அந்த ஓசையைக் கொண்டே இன்ன கடை என்று சொல்லும் மாணவர்கள் இருக்கின்றனர். தனியார் கல்வி நிலையங்கள் விட்டுப் பெண்பிள்ளைகள் கூட்டங் கூட்டமாகச் சைக்கிளில் சிரித்துப் பேசிக்கொண்டு போவர். ஊரடங்குக் காலத்தைக் கண்ட ஒரு தாய் அச்சிரிப்பைக் கேட்டால், அது அவளுக்கு நாதஸ்வரத்தைவிட இனிக்கும். பல்கலைக்கழக விடுதி மாணவர்கள் தேநீர்க் கடையில் ஒரு வெறுந்தேநீருக்கு ஒரு மணி நேரம் அரசியல் பேசுவர். அவர்களுள் மலையகத்துப் பிள்ளைகளும் தென்னிலங்கைச் சிங்கள மாணவர்களும் இருப்பர். தமிழ் சரிவர வராத ஒரு சிங்கள மாணவன் "அண்ணை, இன்னும் ஒண்டு" என்று யாழ்ப்பாணத்துக் குரலில் கேட்கும்போது கடைக்காரர் முகத்தில் ஒரு புன்னகை வரும்.

புதியவர் ஒருவர் அக்கடையில் உட்கார்ந்தால் கேள்விகள் தொடங்கும். "தம்பி எவ்விடம்?" என்பது முதற் கேள்வி. ஊர் சொன்னால், "ஆற்றை பிள்ளை?" என்பது அடுத்தது. தமிழகத்திலிருந்து வந்தவரானால், "அங்கத்தைத் திருநெல்வேலியோ? அப்ப நீங்களும் எங்கடை ஊர்தான், இருங்கோ" என்று வாழைப்பழமும் வரும். இதைத் தலையீடு என்று எண்ணிக் கோபிக்கலாகாது. இங்கே உறவு விசாரணையில்தான் தொடங்கும்.

எல்லாம் இன்பமயம் என்று எழுதிப் பிரயாணிகளை ஏமாற்ற நான் விரும்பவில்லை. வாளேந்திய கும்பல்கள் சில இரவுகளில் வீடு புகுந்து அட்டகாசம் செய்த செய்திகளை அண்மை ஆண்டுகளில் பத்திரிகைகளில் வாசித்தோம். போதைப்பொருள் பேச்சும் காதில் விழுகிறது. பெற்றோர் மறுபடியும் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றனர். அரிதாகத் திரும்பிவந்த இரவை நம் பிள்ளைகளே கெடுப்பார்களானால், யாரிடம் போய் முறையிடுவது?

எப்பொழுது வருவது என்று கேட்போருக்குச் சில வார்த்தைகள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறி இருபத்தைந்து நாள் நடைபெறும். திருநெல்வேலியிலிருந்து நல்லூர் நடக்கும் தூரந்தான். பத்தாம் நாள் மஞ்சமும் இருபத்து மூன்றாம் நாள் சப்பறமும் மாலைக் காட்சிகள். மறுநாட்காலை தேர். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் அந்நாட்களில் வாகனம் கிடையாது. வெண்மணல் பரப்பிய வீதியில் குடும்பம் குடும்பமாக மக்கள் உட்கார்ந்திருப்பர்; கச்சான் கொறிப்பர்; ஐஸ்கிறீம் கடைகளில் இடமிராது. ஆண்கள் மேற்சட்டை களைந்தே கோயிலுக்குள் போக வேண்டும். தேர்நாள் விடியற்காலை, பனியில் நனைந்த மணலில் அங்கப்பிரதட்டை செய்வோரைப் பார்க்க வேண்டுமானால், முதல் இரவு கட்டாயம் தங்கியே ஆகவேண்டும்.

கூட்டம் வேண்டாதவர்கள் மார்கழி, தை மாதங்களில் வரட்டும். வாடைக்காற்று வீசும் காலம் அது. பட்டம் விடும் பருவம். கொக்குப்பட்டம், எட்டுமூலைப் பட்டம் என்று பல வகை. அவற்றின் தலையில் 'விண்' என்றொரு வில்லைப் பூட்டுவர். காற்றில் அது ஓயாமல் ரீங்காரம் செய்யும். பொழுதுபட்டபின் பட்டத்தை இறக்குவதில்லை. கயிற்றைப் பனையிலோ பூவரசிலோ கட்டிவிட்டுப் பையன்கள் படுக்கப் போய்விடுவர். இரா முழுவதும் வானத்தில் அது 'ங்' என்று பாடிக்கொண்டே நிற்கும். போர்க்காலத்தில் வானத்தில் ஓசை கேட்டால் பதுங்கு குழிக்கு ஓடிய தலைமுறை, இப்போது அவ்வோசையைக் கேட்டுக்கொண்டே உறங்குகிறது.

மார்கழியில் வருவோர் திருவாதிரைக்கு முந்திய பத்து நாட்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் இன்னும் நன்று. வெள்ளி முளைக்குமுன், பின்னிரவின் குளிரிலே, சங்கும் சேமக்கலமும் ஒலிக்கும். இளைஞரும் சிறுவருமாகப் பத்துப் பதினைந்து பேர், துவாயால் காதை மூடிக்கட்டிக்கொண்டு, திருவெம்பாவை பாடிய வண்ணம் ஒழுங்கை ஒழுங்கையாக வருவர். ஒவ்வொரு படலையடியிலும் ஒரு கணம் நிற்பர். வீடுகளில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். முதலில் கிணற்றடியில் வாளி விழும் சத்தம். பிறகு முற்றம் கூட்டும் ஈர்க்குமாற்றின் ஓசை. பாட்டு அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பும்போது, தோட்டங்களின் பக்கத்தில் முதலாவது நீரிறைக்கும் யந்திரம் உறுமத் தொடங்கியிருக்கும்.